பென் டிரைவில் ஒரு பிடி சாமை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அப்போதெல்லாம் ஆங்கிலத்தில் பேசும்.

பேசுவது ஒரு பெண். ஆரோக்கியசாமி, அதாவது என் வீட்டுக்காரர், இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிப் போட்ட ஆண்டிவைரஸோடு சேர்ந்து வந்தவள். எதைக் கண்டாலும் அவளுக்குப் பதற்றம். ஆபத்து, ஆபத்து என்று அவள் முதல் தடவை கத்தியபோது, பக்கத்து குவார்ட்டர்ஸில் யாருக்கோ பிரசவ வலி வந்துவிட்டது என்று நினைத்து நான் செருப்பைத் தேடினேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை. காலை நேரத்து மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து மானிட்டர் மேல் ஈரமாகப் படிந்திருந்தது. நான் அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் பூங்கொடி உட்கார்ந்திருந்தாள். ஆங்கிலக்காரி ஒருமுறை கத்தினாள். அதற்குப் பிறகு பூங்கொடியின் குரல் ரொம்பச் சாதாரணமாக வந்தது.

“அக்கா, என்ற ப்ராஜெக்டக் காணமுங்க.”

கத்தி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம் போட்டுவிட்டு ஓடினேன். திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று நின்றது. பூங்கொடி அழவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மவுஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“திங்கக்கெழம வைவாங்கக்கா” என்றாள்.

கல்லூரியில் கடைசி வருஷத்து வாய்மொழித் தேர்வு அது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, செய்த ப்ராஜெக்டை ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேள்வி கேட்பார். ஓட்டிக் காட்ட ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

பூங்கொடி யார்?

போன வாரம் குரங்குகள் எங்கள் சமையலறையை ஆண்ட கதையைப் படித்துவிட்டு, “மலையில் வேறு தொந்தரவே இல்லையா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இருந்தது ஐயா. அதற்குத்தான் இந்த வாரம்.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது, இரண்டு வருஷத்தில் ஓடிவிட வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டு ஏறியவள். மாதா என் பேச்சைக் கேட்கவில்லை. இப்போது யாராவது மாற்றல் என்று சொன்னால் எனக்குத்தான் காய்ச்சல் வருகிறது.

பூங்கொடி மலையிலேயே பெரக்கரை நாட்டுப் பெண்; சில ஊர்கள் சேர்ந்தால் இங்கே அது ஒரு நாடு. வீட்டில் சாமை, கேழ்வரகு, மிளகு எல்லாம் உண்டு. அவள் அம்மாவின் ரத்தம் என் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வந்த வகையில் பழக்கம். கீழே கல்லூரி விடுதியில் தங்கி கம்ப்யூட்டர் படித்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முள்ளுக்குறிச்சி வழியாக வருகிற பஸ்ஸில் ஏறி வருவாள், சனிக்கிழமை முழுக்க எங்கள் கம்ப்யூட்டரில் வேலை செய்வாள். அவளிடம் கம்ப்யூட்டர் கிடையாது. எங்களிடம் இருந்ததும் கம்ப்யூட்டர்தானா என்பது வேறு விஷயம்.

அவள் செய்துகொண்டிருந்த புரோகிராமுக்குப் பெயர் ‘விதை’. கட்டவெட்டி என்கிற சாமை ரகத்தின் விதை வேண்டும் என்று அடித்தால், அது எந்த ஊரில், யார் வீட்டில் இருக்கிறது என்று காட்டும். போன் நம்பர் இருக்காது. அந்த வீடுகளில் பாதிக்கு மேல் சிக்னல் கிடைக்காது, நம்பரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குப் பதிலாக வழி எழுதியிருந்தாள். ‘கோயில் தாண்டி எறக்கத்துல எறங்குனா ரெண்டு பலாமரம், அதுக்குப் பின்னாடி ஊடு, நாய் கடிக்காது’ என்று இருக்கும். கடிக்கிற நாய் உள்ள வீடுகளுக்கும் அதை ஒளிக்காமல் எழுதியிருந்தாள்.

அவள் பரீட்சை எழுதிய எந்தப் பாடத்தையும் விட இதில் அவளுக்கு உயிர். அவர்கள் ஊரில் கம்ப்யூட்டர் படிப்புக்குப் போன முதல் பெண் அவள்தான். “அந்தப் பொட்டியில என்னத்த கண்ணு பண்ணுவ?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் வைத்திருந்த ஒரே பதில் அந்த விதை.

ஒரே உறையில் இரண்டு கத்தி

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். பெயரில் ஆரோக்கியம் இருக்கிறதே தவிர, அவர் தொட்ட கம்ப்யூட்டர் எதுவும் ஆரோக்கியமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு மாத்திரை நல்லது என்றால் இரண்டு இன்னும் நல்லது என்று நினைக்கிற ஆட்கள் லேபுக்கு வருவார்கள். கம்ப்யூட்டர் விஷயத்தில் இவர் அந்த ரகம். ஆங்கிலக்காரி போதாதென்று, கீழே ஏதோ ஒரு கடையில் ‘ஃபுல் வெர்ஷன்’ என்று பேனாவில் எழுதிய சி.டி. வாங்கிவந்து, அதிலிருந்த இன்னொரு ஆண்டிவைரஸையும் ஏற்றியிருந்தார்.

இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கிடந்தன. இது ஒரு ஃபைலைத் திறந்து பார்க்கும்போது அதற்குச் சந்தேகம் வரும். அது எட்டிப் பார்த்தால் இதற்குச் சந்தேகம். நடுவில் நாங்கள் ஒரு கடிதம் அடிக்கக் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அதற்கு முந்தைய வருஷம் இதே கம்ப்யூட்டர் சூடாகிச் சூடாகி நின்றுபோனது. வைரஸ்தான் என்று இவர் நாள் கணக்காக ஸ்கேன் ஓட்டினார். பின்பக்க ஃபேன் ஓட்டையில் குளவி மண்கூடு கட்டியிருந்ததை விளக்குமாறு கொண்டு பெருக்கும்போது நான்தான் பார்த்தேன். குளவிக்கு ஆண்டிவைரஸ் கிடையாது என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

அந்த வாரம்தான் ஆங்கிலக்காரிக்கு இவர் புதிய விவரங்களை இறக்கிக் கொடுத்திருந்தார்; அதுவரை விதையை அவள் ஒருநாளும் பிடித்ததில்லை. ஆகவே பூங்கொடியின் ப்ராஜெக்டைக் காணோம் என்றதும் என் கோபம் நேராக அவர் மேல்தான் போனது. நல்ல வேளையாக அவர் பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கப் போயிருந்தார்.

தனிமைப்படுத்தப்பட்ட விதை

சிவப்புப் பெட்டியை நிதானமாகப் படித்தேன். ஃபைலை அழிக்கவில்லை, குவாரண்டைனில் வைத்திருக்கிறேன் என்றிருந்தது. அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. கொரோனா காலத்தில் மலை மேல் எத்தனை பேரைத் தனிமைப்படுத்தி, டெஸ்ட் எடுத்து, வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். உள்ளே போனவர் வெளியே வர வழி இருக்கும்.

இருந்தது. ‘திரும்பக் கொடு’ என்பதை அழுத்தினேன். விதை திரும்ப வந்தது. பூங்கொடி மூச்சு விட்டாள். ஆங்கிலக்காரி மறுபடியும் கத்திக்கொண்டு அதைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இன்னொரு வழியும் இருந்தது. ‘இந்த ஃபைலைக் கண்டுகொள்ளாதே’ என்று ஆண்டிவைரஸுக்கே சொல்லிவிடலாம். அதைச் செய்தேன். விதை பத்திரமாக உட்கார்ந்தது.

“அவ்வளவுதான். கத்துறவ கத்தட்டும்” என்றேன், பெரிய ஆளாக.

பூங்கொடி யோசித்தாள். “காலேஜ் லேப்ல இருக்கற ஆண்டிவைரஸும் இப்படிப் புடிச்சா என்னங்கக்கா பண்றது? அங்க நம்மள இதையெல்லாம் மாத்த உட மாட்டாங்க.”

அதை நான் யோசிக்கவில்லை. அங்கே புரோகிராம் ஓடாவிட்டால் மார்க் இல்லை. அதைவிட மோசம், வெளியூர்க்காரர் முன்னால் திரையில் ‘வைரஸ்’ என்று வந்தால், வைரஸ் செய்து கொண்டுவந்த பெண் என்று ஆகிவிடும். மலைக்காரப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பேசக் காத்திருக்கும் வாய்களுக்கு அவல் கிடைத்த மாதிரி.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “உன் புரோகிராம் மேல தப்பே இல்ல. இந்த ஆண்டிவைரஸ்தான் கோளாறு. நிரூபிச்சுக் காட்டுறேன் பாரு” என்றேன்.

பல் பிடுங்கிய பாம்பு

லேபில் புதிதாக ஒரு சாயம் வந்தால் அதை நம்பி நாங்கள் நேராக நோயாளியின் ஸ்லைடில் ஊற்ற மாட்டோம். கிருமி இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு ஸ்லைடு, இல்லை என்று தெரிந்த ஒரு ஸ்லைடு, இரண்டிலும் முதலில் போட்டுப் பார்ப்போம். இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொன்னால்தான் சாயத்துக்கு மரியாதை. இதற்கு கண்ட்ரோல் என்று பெயர்.

ஆண்டிவைரஸுக்கும் அதே வைத்தியம்தான் என்று முடிவு செய்தேன். வைரஸ் இல்லாத ஃபைல் எங்களிடம் நிறைய இருந்தது. என் வீட்டுக்காரரின் அரையாண்டு வினாத்தாளை விடச் சாதுவான ஃபைல் உலகத்தில் கிடையாது. வைரஸ் உள்ள ஃபைலுக்கு எங்கே போவது? தெரிந்தே வீட்டுக்குள் ஒன்றை விட முடியாதே.

அதற்கும் வழி இருப்பதைப் பூங்கொடிதான் சொன்னாள், வகுப்பில் படித்திருந்தாளாம். ஆண்டிவைரஸ் செய்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஒரு வரி இருக்கிறது. எழுத்தும் எண்ணும் டாலர் குறியும் பர்சன்ட் குறியுமாக ஒரே வரி. அதை நோட்பேடில் அடித்துச் சேமித்தால் ஒழுங்கான ஆண்டிவைரஸ் எதுவும் பாய்ந்து பிடிக்க வேண்டும். அந்த வரியால் யாருக்கும் ஒரு கெடுதலும் கிடையாது. பல் பிடுங்கிய பாம்பு.

இரண்டாவது ஆண்டிவைரஸைக் கழற்றிவிட்டு ஆங்கிலக்காரியை மட்டும் வைத்துக்கொண்டோம். போனை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் கொஞ்சம் சிக்னல் வரும். அதில் அவளுக்கு இன்னும் புதிய விவரங்களை இறக்கிக் கொடுத்தோம். பிறகு அவள் நோட்டைப் பார்த்து நான் அந்த வரியை அடித்தேன். அவள் கம்மென்று இருந்தாள்.

“பாத்தியா? நான் சொல்லல?” என்றேன்.

பூங்கொடி திரையை உற்றுப் பார்த்தாள். “அக்கா, மூணாவது, இங்கிலீஷ் ஓ எழுத்துங்க. நீங்க சைபர் போட்டிருக்கீங்க.”

திருத்திச் சேமித்த அடுத்த நொடி ஆங்கிலக்காரி கூரை அதிரக் கத்தினாள். வினாத்தாளைக் கொடுத்தோம், பேசாமல் விட்டாள். கண்டுகொள்ளாதே என்று சொன்னதை ரத்து செய்துவிட்டு விதையைக் கொடுத்தோம், பிடித்துக்கொண்டாள். கண்ட்ரோல் இரண்டும் சரியாக இருக்கும்போது முடிவைக் குறை சொல்ல முடியாது. எனக்கு உள்ளுக்குள் லேசாக உதைத்தது.

எல்லோருக்கும் நெகட்டிவ்

அவளைக் கழற்றிவிட்டு சி.டி.க்காரனை ஏற்றினோம். பல் பிடுங்கிய பாம்பைக் கொடுத்தோம். பச்சை விளக்கு. வினாத்தாள், பச்சை விளக்கு. விதை, பச்சை விளக்கு. உங்கள் கம்ப்யூட்டர் முழுப் பாதுகாப்போடு இருக்கிறது என்று ஒரு கேடயம் படம் வேறு.

பூங்கொடிக்கு முகம் மலர்ந்தது. “இது நல்லதுங்கக்கா. இதையே வச்சுக்கலாமுங்க.”

“நல்லதா? எங்க லேப்ல ஒருத்தர் எல்லாருக்கும் நெகட்டிவ்னு எழுதிக் குடுத்துட்டு உக்காந்திருந்தா அவர நல்லவர்னு சொல்லுவியா?”

“அவருகிட்ட போனா சந்தோசமா வரலாமில்லீங்கக்கா” என்றாள். இந்தப் பெண்ணுக்கு இக்கட்டிலும் குசும்பு போகாது.

சி.டி.க்காரன் ஒரு கேடயப் படம், அவ்வளவுதான். அவனையும் வெளியே தள்ளினேன். கடைசியாக, கம்ப்யூட்டரோடு கூடவே வருகிற பாதுகாப்பு ஒன்று இருக்கிறதே, இவர் மற்றதை ஏற்றியபோது அணைத்துப் போட்டது, அதை எழுப்பினோம். சத்தமே போடாமல் அது பாம்பைப் பிடித்தது, வினாத்தாளை விட்டது, விதையைப் பிடித்தது.

நம்பக்கூடிய இரண்டு சோதனைகள் ஒரே முடிவைச் சொன்னால், டெக்னீஷியன் சாயத்தைத் திட்டுவதை நிறுத்திவிட்டு நோயாளியைத் திரும்பிப் பார்க்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

“பூங்கொடி, உள்ளத சொல்லு. உன் விதை வேற என்ன பண்ணுது?”

“ஒன்னும் பண்ணலீங்கக்கா.”

“யோசிச்சுச் சொல்லு.”

“யாராச்சும் பென் டிரைவ் போட்டாங்கன்னா அதுல ஒன்னு போயி உக்காந்துக்கும். அவங்க அதக் கொண்டுபோயி வேற கம்ப்யூட்டர்ல போட்டா அங்கயும் எறங்கிக்கும். அவ்வளவுதானுங்க.”

“அவங்க கேக்காமலா?”

“கேக்காமத்தான்” என்றாள், இதிலென்ன இருக்கிறது என்பது போல. “கேட்டா வேண்டாம்னுதானுங்க சொல்லுவாங்க. ஊட்டுக்கு வந்தவங்கள வெறும் பையோட அனுப்பறதுங்களா?”

என் பைக்குள் வந்தது

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஏனென்றால் அவள் சொன்னது எனக்குப் புரிந்தது.

மலைக்கு வந்த புதிதில் காய்ச்சல் கணக்கெடுப்புக்கு அவர்கள் ஊருக்குப் போயிருந்தேன். வீடு வீடாக விரலில் குத்தி ரத்தம் எடுத்துவிட்டு, திரும்பி வந்து பையைத் திறந்தால் ஸ்லைடுப் பெட்டிக்கு அடியில் ஒரு துணி முடிச்சு. உள்ளே சாமை. யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, அடுத்த முறை போனபோது ஊர் நடுவில் நின்று அந்த முடிச்சைத் தூக்கிப் பிடித்து “இது யாருதுங்க?” என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பூங்கொடியின் அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஊரில் அப்படித்தான் என்பது பிறகு தெரிந்தது. வந்தவருக்குத் தெரியாமல் பைக்குள் ஒரு பிடி தானியம் வைப்பார்கள். வேண்டுமா என்று கேட்க மாட்டார்கள். கேட்டுக் கொடுப்பது கடைக்காரன் வேலை. வாங்கியவரும் அதைப் பற்றிப் பேசக்கூடாது. நானோ ஊரைக் கூட்டித் திருப்பிக் கொடுக்கப் பார்த்தவள்.

இந்தப் பெண் தன் அம்மா செய்வதைத்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அங்கே அதற்கு வேறு பெயர்.

சிவப்புப் பெட்டியில் விதையின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஆங்கில வார்த்தையைக் காட்டினேன். “தன்னத்தானே காப்பி எடுத்துக்கிட்டு, கேக்காம ஒவ்வொரு கம்ப்யூட்டரா எறங்குறதுக்கு இவங்க வச்ச பேரு புழு.”

“நானும் படிச்சனுங்க. ஏதோ தப்பாச் சொல்லுதுன்னு நெனச்சேன்” என்றாள். பிறகு மெதுவாக, “விதையில புழுங்களா?” என்றாள்.

விதைக்கு வைத்த தானியத்தில் புழு வந்துவிட்டது என்றால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. அவள் மவுஸைக் கீழே வைத்துவிட்டாள்.

“உன் மனசுல கெட்ட எண்ணம் இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா அடுத்தவங்க மிஷின்ல அவங்களுக்குத் தெரியாம ஏதாச்சும் ஏறுச்சுன்னா, அது நல்லதா கெட்டதான்னு அவங்க எப்படி நம்புவாங்க?” என்றேன்.

துறை அனுப்பியது

இந்த நேரத்தில் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து ஆரோக்கியசாமி வந்து சேர்ந்தார். திரையில் விதையின் முகப்பாக இருந்த சாமைக் கதிர்ப் படத்தைப் பார்த்தார்.

“அட, இது நம்ம வீட்டுக்கும் வந்துருச்சா?”

“நம்ம வீட்டுக்குமா? அப்படின்னா?”

“ஸ்கூல் லேப்ல எல்லா மிஷின்லயும் இருக்குப்பா. பரவாயில்ல, நல்லாத்தான் பண்ணியிருக்காங்க. மேல இருந்து துறையில அனுப்பியிருக்காங்கன்னு யாரும் கை வைக்கல.”

நானும் பூங்கொடியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வினாத்தாளை எடுத்துப்போன இவருடைய பென் டிரைவில் ஏறிப் போயிருக்கிறது. அரசாங்கம் அனுப்பியது என்று நினைத்து எல்லாரும் பயபக்தியோடு வைத்திருக்கிறார்கள். என் பென் டிரைவும் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது நினைவுக்கு வந்து, அதைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் தனியாக வைத்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் மனிதர் சிரித்த சிரிப்பில் குரங்குகள் கூட ஓடியிருக்கும். பிறகு கணக்கு வாத்தியாராக மாறி ஒரு கேள்வி கேட்டார். “ரிப்போர்ட்ல இத எழுதியிருக்கியாம்மா?”

பூங்கொடி தன் பையிலிருந்து பைண்ட் செய்த ரிப்போர்ட்டை எடுத்தாள். கறுப்பு அட்டை, தங்க எழுத்து. இதே மாதிரி ஒன்று ஏற்கெனவே கல்லூரியில் போய் உட்கார்ந்துவிட்டது. சிறப்பம்சங்கள் என்ற பக்கத்தைத் திறந்தாள். தடித்த எழுத்தில், நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: பென் டிரைவைச் செருகியதும் இந்த மென்பொருள் யாரையும் கேட்காமல் தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும்.

புரோகிராமை மாற்றிவிடலாம். பைண்ட் செய்ததை என்ன செய்வது?

“விடும்மா. ரிப்போர்ட்டெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க. கேட்டா அச்சுப்பிழைன்னு சொல்லிரு” என்றார் இவர்.

“அது பொய்யில்லீங்களா சார்?” என்றாள் பூங்கொடி.

அவர் என்னைப் பார்த்தார். நான் கிழங்கு அடுப்பில் இருப்பதாகச் சொல்லி உள்ளே போனேன். கிழங்கு அடுப்பில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

நாங்கள் சர்ச் பூசைக்குப் போய்விட்டு வரும்போது பூங்கொடி வாசற்படியில் காத்திருந்தாள். வந்ததும் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். கேட்காமல் நகலெடுக்கிற பகுதியை வெட்டி எறிந்தாள். சோதித்தோம், அப்போதும் பிடித்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாகவே எழுந்து உட்காருகிற வரி ஒன்று மிச்சம் இருந்தது. காலையில் விருந்தாளிக்கு முன்னால் வீட்டு ஆட்கள் எழ வேண்டும் என்று அதை வைத்திருந்தாளாம். அதுவும் போனது. இந்த முறை ஒரு சத்தமும் இல்லை.

பல் பிடுங்கிய பாம்பை இன்னொரு முறை கொடுத்து, பாதுகாப்பு தூங்கிவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். தொழில் புத்தி.

“ஆனா யாருக்கும் குடுக்காம இருக்க முடியாதுங்கக்கா. கேட்டுட்டுக் குடுக்கற மாதிரி ஒரு பொட்டி வச்சுக்கறேன்” என்றாள்.

“வை. தாராளமா வை.”

அந்தப் பெட்டியில் என்ன எழுதுவது என்று அவள் யோசித்த நேரத்தில் நான் மதியச் சாப்பாட்டையே முடித்துவிட்டேன். அடித்தாள், அழித்தாள், எழுந்து போய் ஜன்னலில் நின்றாள், திரும்ப அடித்தாள். கடைசியில் சோதனை எல்லாம் சரியாக வந்தது. அவள் எழுதியதை நான் படிக்கவில்லை. கிளம்பும்போது பழைய விதையையும் தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள்.

“அது எதுக்கு?”

“இருக்கட்டுங்க. வாரேன்” என்று போய்விட்டாள்.

சிக்னல் வந்த இடம்

திங்கட்கிழமை முழுக்க எனக்கு மைக்ராஸ்கோப்பில் கண் நிற்கவில்லை. சாயங்காலம் வரை போன் வரவில்லை. நான் தோற்ற மாதிரியே ஒரு பயம். வீட்டுக்கு வந்து போனை ஜன்னலில் கட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள்ளுக்குறிச்சி பஸ் நிறுத்தத்திலிருந்து அவள் அழைத்தபோது பின்னால் பஸ் ஹாரன்களும் டீக்கடைச் சத்தமும் கேட்டன.

“மொத கேள்வியே அந்தப் பக்கந்தானுங்கக்கா” என்று ஆரம்பித்தாள்.

வெளியூர்க்காரர் ரிப்போர்ட்டை நேராக அங்கேதான் திறந்திருக்கிறார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, “ஏம்மா, நீ எழுதியிருக்கறது வைரஸ் பண்ற வேலையாச்சே?” என்று கேட்டிருக்கிறார். அறையில் இருந்த பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

“நீ என்ன சொன்ன?”

“ஆமாங்க சார், நேத்து மத்தியானம் வரைக்கும் புழுதானுங்க, இப்ப இல்லீங்கன்னு சொன்னேன்.”

பிறகு அவள் சொன்னது இன்னும் விசேஷம். அவர் நம்பாத மாதிரி பார்த்தாராம். இவள் பழைய விதை இருந்த பென் டிரைவை எடுத்து, “மொதல்ல உங்க ஆண்டிவைரஸ் நல்லா இருக்குதான்னு பாத்துக்கலாமுங்க சார்” என்று செருகியிருக்கிறாள். அந்த லேபே கூவியிருக்கிறது. அதற்குப் பிறகு புதியதைச் செருகினாள், கப்சிப். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் கப்சிப். ஏன் முதலில் அப்படிச் செய்தாய் என்று அவர் கேட்க, இவள் தன் ஊர் வழக்கத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு அவள் சொன்னதைக் கவனமாகக் கேட்டாராம்.

“அப்பறம்? பாஸா இல்லயா? அத சொல்லு முதல்ல” என்றேன்.

“பாஸுதானுங்க. நல்ல மார்க்குன்னு எங்க மேடம் சொன்னாங்க.” அதை ஏதோ பஸ் கிடைத்துவிட்டது என்பது போலச் சொன்னாள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, அதை மறைக்க “ஏங்க, பாஸாம்” என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

“ஆனா ஒன்னுங்கக்கா. கடைசில அவரு தன்ற பென் டிரைவ எடுத்துப் போட்டாருங்க. நம்ம பொட்டி வந்துச்சு.”

“அதுல என்னதான் எழுதுன?”

“‘கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க’ன்னு எழுதியிருந்தனுங்க. கீழ ரெண்டு பட்டன். ஒன்னு, ‘சரிங்க’. இன்னொன்னு, ‘அடுத்த தடவ வாரப்ப எடுத்துக்கறேங்க’.”

“வேண்டாம்னு சொல்லணும்னா?”

“அவரும் அதத்தானுங்க கேட்டாரு. வேண்டாம்ங்கற பட்டன் எங்கம்மான்னு. அத வெக்கலீங்க சார்னேன். அப்பறம் சிரிச்சுட்டே ரெண்டாவத அமுக்கிட்டாருங்க.”

அவள் குரல் அங்கே இறங்கியது. நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். பெரிய மனிதர்கள் விளையாட்டாகச் செய்வது, மார்க்தான் வந்துவிட்டதே, அதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றெல்லாம் சொன்னேன்.

“அட, வருத்தமில்லீங்கக்கா” என்றாள். “வாரேன்னுட்டாரில்லீங்களா. எப்பன்னு கேக்க மறந்துட்டேன். ஊடு வெள்ள பூசாமக் கெடக்குது, அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லோணும்.”

பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டாள்.